ஏரியில் விஷம் இல்லை

புருல்லுஸ் ஏரிக்கரை
2 மே 1988

என் தம்பி ஷவ்கிக்கு, அக்கா வஃபியா எழுதுவது.

நோன்பு பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இறைவன் கருணையில் வீட்டில் யாரும் படுக்கையில் இல்லை. சமீஹா எப்படி இருக்கிறாள்? உன் சின்னவளுக்குக் காது வலி தீர்ந்ததா?

மீன் லாரி ஓட்டும் ஹம்தானிடம் இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன். தாகத்தில் குடித்துவிடாதே, ஏரித் தண்ணீர். ஒன்று பெரிய வடிகால் வந்து விழும் இடத்தில் எடுத்தது, மற்றது நம் படித்துறையில். தண்ணீர் முலூக்கியாக் கீரைக் குழம்பு மாதிரி பச்சையாகிவிட்டது. துடுப்பைத் தூக்கினால் நூல் நூலாய்த் தொங்குகிறது. பிள்ளைகள் இறங்கினால் கால் அரிக்கிறது. மீன் இல்லை என்று சொல்ல முடியாது. ஜிலேபிக் கெண்டை வலை கிழியக் கிடைக்கிறது. மடவையைத்தான் காணோம். உன் மச்சான் மெத்வல்லி சொல்கிறார்: “ஏரி கொழுத்துப் போச்சு. கொழுத்தவன் திடீர்னுதான் போவான்.”

அவருக்கும் பக்கத்து வீட்டுப் பயூமிக்கும், மீன் ஒதுங்கும் அந்த நாணல் மறைப்பு யாருக்கு என்ற சண்டை இன்னும் தீரவில்லை. நேற்று மாலையும் கரையில் நின்று கத்தினார்கள். “உன் தாத்தா நட்ட நாணலாடா இது?” “உன் தாத்தாவுக்கு நீந்தவே தெரியாது, அவர் எங்க வந்து நட்டாரு?” அதற்குள் பாங்கு சொன்னார்கள். இருவரும் என் தட்டிலிருந்தே பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார்கள்.

தண்ணீரைச் சோதிப்பதுதானே உன் வேலை. பார்த்துச் சொல். பெருநாளுக்கு வர முடியாவிட்டாலும் நாலு வரியாவது போடு.

உன் முகத்தைக் காண விரும்பும்
அக்கா


மினியத் ஸாலிம்
22 மே 1988

அன்புள்ள அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும். சின்னவளின் காது சரியாகிவிட்டது. இப்போது நாம் சொல்வது எதுவும் அதில் ஏறுவதில்லை என்பதுதான் குறை.

பாட்டில்கள் உடையாமல் வந்தன. மேசையில் பார்த்த எங்கள் மேலதிகாரி ரஃபத், “யார் வீட்டு ஊறுகாய் இது?” என்று கேட்டார். நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன். பச்சையாக இருப்பது வெறும் பாசிதான். நீ மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

இங்கே வேளாண் அலுவலகத்தில் நிற்க நேரமில்லை. இந்த ஆண்டு நெல் விளைச்சலைக் கூட்ட வேண்டுமென்று மேலிருந்து உத்தரவு. முன்பு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டவர்களை மூன்று போடச் சொல்லித் துண்டறிக்கை அடித்திருக்கிறோம். எழுதியது நான்தான். ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வந்தேன். பயிர் கரும்பச்சையில் நிற்பதைப் பார்த்தால் கண் குளிர்கிறது. அலுவலகக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு வீடு கிடைக்கும் போலிருக்கிறது. மூன்றாவது மாடி, குழாயில் எப்போதும் தண்ணீர்.

மச்சானிடம் நாணலுக்காகச் சண்டை வேண்டாம் என்று சொல். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி
ஷவ்கி


ஏரிக்கரை
11 ஜூலை 1988

தம்பி ஷவ்கிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஏரிதான் செத்துவிட்டது.

மூன்று நாளாகக் காற்றே இல்லை. முந்தாநாள் விடிகாலையில் உன் மச்சான் படகை அவிழ்க்கப் போனவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊர் கேட்க அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கரையிலிருந்து கண் எட்டும் தூரம் வரை மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு திறந்து திறந்து மூடின. நாம் பக்கத்தில் போனாலும் விலகவில்லை. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் வயிற்றைக் காட்டிவிட்டன. விரல் நீளக் குஞ்சுகள்கூட. மத்தியானம் வாடை தாங்காமல் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தோம்.

எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: விஷம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் பயூமி பருத்திப் பூச்சிமருந்தை நாணலுக்குள் ஊற்றி மீன் பிடித்து மாட்டிக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து அவருக்கு ‘மருந்துக்காரன்’ என்றுதானே பெயர். இன்று யாரோ அந்தப் பெயரைச் சொன்னார்கள். உடனே எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. உன் மச்சான்தான் முதலில் வாய் திறந்தார்: “நாணல் எனக்கு இல்லேன்னா ஏரியே யாருக்கும் இல்லேன்னு பண்ணிட்டான்.”

எங்கள் பாட்டில் உன்னிடம் இருக்கிறது. தண்ணீரில் என்ன விஷம் என்று சொல். சீக்கிரம் எழுது.

அக்கா வஃபியா


ஏரிக்கரை
29 ஜூலை 1988

தம்பிக்கு,

என் போன கடிதம் கிடைத்ததா? தபால்காரரை மூன்று முறை கேட்டுவிட்டேன். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. இந்த முறை பயூமி வீட்டுக்கு யாரும் குர்பானி இறைச்சி அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை என்பதை உனக்கு மறைப்பானேன். பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊர்த்தலைவர் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். பயூமி குர்ஆன் மேல் கை வைத்தார். “அப்போ பண்ணினேன். பண்ணினேன்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டேன். இப்போ பண்ணல. பண்ணியிருந்தா என் வலையும் ஏன் காலியா இருக்கு?” ஆனாலும் அவர் ஏரியில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பு. அன்று மாலையே அவர் வலைகளைக் கரையில் குவித்துக் கொளுத்தினார்கள்.

மறுநாள் அவர் மனைவி நஜாத் கொல்லைப் பக்கமாக வந்தாள். “உன் தம்பி படிச்சவர். சர்க்கார் முத்திரை வெச்சு ஒரே ஒரு காகிதம். விஷம் இருக்குன்னா இருக்குன்னு எழுதட்டும், இல்லேன்னா இல்லேன்னு எழுதட்டும். நான் ரெண்டுக்கும் தயார்.”

நீ எழுதுவாய் என்று சொல்லிவிட்டேன். என் சொல்லைக் காப்பாற்று.

அக்கா


மினியத் ஸாலிம்
9 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பெண்கள் இருவருக்கும் அம்மை போட்டு இப்போதுதான் தலைக்குத் தண்ணீர் விட்டோம். புது வீட்டுக்கு மாறினோம். வெயில் தாங்கவில்லை. மச்சானின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்டதற்கு. சோதனை முடிவுகளை மேலதிகாரி வழியாகத்தான் வெளியே தர முடியும். நான் தனியாக எழுதித் தரும் காகிதத்துக்கு மதிப்பில்லை. இதில் நீ தலையிடாதே. கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும்.

இரண்டு விஷயம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். விலாங்குகளும் செத்தனவா? செத்த மீனைத் தின்ற பூனை, காக்கைக்கு ஏதாவது ஆயிற்றா? சும்மாதான் கேட்கிறேன்.

பிள்ளைகளை ஏரியில் குளிக்க விடாதே.

உன் தம்பி
ஷவ்கி


ஏரிக்கரை
18 ஆகஸ்ட் 1988

ஷவ்கிக்கு,

பெண்களுக்கு உடம்பு தேறியது கேட்டு மனம் நிறைந்தது. மச்சானுக்கு முதுகு வலி இல்லை, இப்போது வேறு வலி.

விலாங்குகள் சாகவில்லை. தண்ணீரை விட்டு ஏறிச் சேற்றில் நெளிந்துகொண்டிருந்தன. பூனைகள் மூன்று நாள் வயிறு முட்டத் தின்றன. ஒரு பூனைகூடச் சாகவில்லை. நீ கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. விஷம் தின்ற மீனைத் தின்ற பூனை எப்படிப் பிழைக்கும்? இதை ஆண்கள் நடுவில் போய்ச் சொன்னேன். உன் மச்சான், “பூனை சாட்சி சொல்ல வந்திருக்கு, பாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

போன வாரம் போலீஸ் பயூமியை அழைத்துப் போனது. நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கை மணிக்கட்டு ஒடிந்திருக்கிறது. “படியில விழுந்துட்டேன்” என்கிறார். எங்கள் காவல் நிலையத்தில் படியே இல்லை.

நீ ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்கவில்லை. தெரிந்தவன் மாதிரிக் கேட்கிறாய். அம்மா போன பிறகு எத்தனை கூடை மீன் அறுத்து உன்னைப் படிக்க வைத்தேன் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்று சொல்லிக் காட்டுகிறேன். உனக்கு என்ன தெரியும்?

வஃபியா


மினியத் ஸாலிம்
6 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்தாகிவிட்டது. நீதான் இதற்கெல்லாம் காரணம். சமீஹா உனக்கு ஒரு தலைத்துணி வாங்கி வைத்திருக்கிறாள், ஹம்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

உன் தம்பி
ஷவ்கி


ஏரிக்கரை
26 செப்டம்பர் 1988

ஷவ்கிக்கு,

தலைத்துணி வந்தது. நஜாத்துக்குக் கொடுத்துவிட்டேன். கறுப்பாக இருந்ததால் அவளுக்கு உதவியது.

புதன்கிழமை விடிகாலை மறுபடியும் மீன் மேலே வந்தது. பயூமி தடையை மீறிப் படகில் போயிருக்கிறார். ஒற்றைக் கையால் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கவா, யாருக்காவது காட்டவா, தெரியாது. கேட்க ஆள் இல்லை. ஏழு பேர் மூன்று படகில் போய் அவரைச் சூழ்ந்தார்கள். “கையும் களவுமா மாட்டினான் மருந்துக்காரன்” என்று ஒருவன் கத்தியது கரை வரை கேட்டது. பிறகு சத்தம் இல்லை.

படகு கவிழ்ந்ததாகச் சொல்கிறார்கள். மறுநாள் நாணலில் கிடைத்தார். ஒடிந்த கையால் நீந்த முடியாமல் மூழ்கிவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. ஏழு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள், ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

உன் மச்சான் படகு தள்ளும் தடி இல்லாமல் வீடு வந்தார். அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை. நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தில் வெயில் தணிந்தது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் தணிந்துவிட்டது.

வஃபியா


மினியத் ஸாலிம்
5 அக்டோபர் 1988

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகச் சொல்கிறேன்.

ஏரியில் விஷம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. உன் பாட்டில்களை மே மாதம் பத்தொன்பதாம் தேதியே சோதித்துவிட்டேன். பெருநாள் வாழ்த்து எழுதிய அன்று முடிவு என் மேசையில் இருந்தது. வடிகால் தண்ணீரில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு.

நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு இதுதான். காற்றாக இருக்கும்வரை பயிருக்கும் உதவாது, மீனையும் தொடாது. தொழிற்சாலையில் அதைப் பிடித்து வெள்ளைக் குருணையாக்கி மூட்டையில் கட்டுகிறோம். அணை கட்டிய பிறகு ஆற்று வண்டல் வயலுக்கு வருவதில்லை. அதனால் மூட்டை இல்லாமல் நெல் இல்லை. ஆனால் போட்டதில் பாதியைக்கூடப் பயிர் எடுப்பதில்லை. மீதி தண்ணீரோடு வடிகாலில் இறங்கி உங்களிடம் வருகிறது. நெல்லை வளர்ப்பது பாசியையும் வளர்க்கும். முதலில் மீனுக்கும் கொண்டாட்டம், நீ வலை கிழியக் கிடைக்கிறது என்று எழுதினாயே, அதுதான். பிறகு பாசி மண்டி அழுகும். பகலில் மூச்சைக் கொடுப்பது இருட்டில் அத்தனை மூச்சையும் எடுத்துக்கொள்ளும். காற்று அடிக்காத நாட்களில் விடியும்போது தண்ணீரில் மீனுக்கு மூச்சே இருக்காது. அதனால்தான் வாயைத் திறந்தன. விலாங்கு ஈரத் தோலாலும் மூச்சு வாங்கும், பிழைத்தது. பூனை தின்றது மூச்சு முட்டிச் செத்த மீனை, அதனால் அதற்கும் ஒன்றுமில்லை.

முடிவை ரஃபத்திடம் கொண்டுபோனேன். “இது ஏரிக்கரைக்காரனுக்குத் தெரிஞ்சா நெல்லுக்காரனும் அவனும் வெட்டிக்குவான். உன் பேர்ல அடிச்ச துண்டறிக்கையை என்ன பண்ணுவ? வீடு வேணுமா வேண்டாமா?” என்றார். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மூட்டை என்று எழுதிய கை என்னுடையது. ஒரு வரியில் பயூமியைக் காப்பாற்றியிருக்கலாம். விலாங்கைப் பற்றிக் கேட்டேனே, நீயாகவே கண்டுபிடித்துவிடு, நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்றுதான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு. கீழே முழுப் பெயரும் போட்டிருக்கிறேன்.

ஷவ்கி அப்துல் பாரி அத்வான்


ஏரிக்கரை
14 நவம்பர் 1988

ஷவ்கிக்கு,

உன் கடிதத்தை முதலில் மெத்வல்லியிடம் படித்தேன். கேட்டு முடித்து, “திரும்பப் படி” என்றார். படித்தேன்.

“அப்போ அவன் ஒண்ணும் பண்ணலையா?”

“பண்ணல.”

“மீனுக்கு மூச்சு முட்டிச்சு. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

எழுந்து போய்த் தொழுகைக்குப் போல் கைகால் கழுவினார். தொழவில்லை. ஈரக் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மற்ற ஆறு பேரும் மறுநாள் வந்தார்கள். “அடுப்புல போடு அக்கா. விஷம் இல்லேன்னா அப்புறம் நாங்க யாரு?” என்று ஒருவன் கேட்டான். அவன் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அடுப்பில் போடவில்லை. மார்பில் செருகிக்கொண்டு நஜாத்திடம் போனேன். அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

“உன் தம்பிக்கு எப்போ தெரியும்?”

“மே மாசம்.”

“இவர் கை ஒடிஞ்சது ஆகஸ்ட்ல” என்றாள்.

உன்னைத் திட்டத்தான் காகிதம் எடுத்தேன். ஆனால் பயூமி போன அன்று காலை நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை. தடி யார் கையிலிருந்து இறங்கியது என்று பார்த்தேன். மூன்று முறை இறங்கியது. நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். தெரிந்ததை விழுங்க எனக்கும் தெரிந்திருக்கிறது.

நேற்று நானும் நஜாத்தும் பஸ் ஏறி அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனோம். உன் கடிதத்தைக் கொடுத்தேன். ஏழு பெயரும் சொன்னேன். முதல் பெயர் என் பிள்ளைகளின் தகப்பன் பெயர். திரும்பி வந்து அவரிடமும் சொன்னேன். “சரி” என்றார். சட்டையை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உன்னைக் கூப்பிடுவார்கள். எழுதியதை வாயாலும் சொல்.

வஃபியா


ஏரிக்கரை
20 ஜூன் 1989

தம்பிக்கு,

மார்ச்சில் நீதிமன்றத்தில் உன்னைப் பார்த்த பிறகு எழுதவில்லை. வேலையும் வீடும் போனது ஹம்தான் சொல்லித்தான் தெரியும். மாமனார் வீட்டு அறையில் உன் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? உனக்கு இருமல் என்றாரே, டாக்டரிடம் காட்டினாயா?

நீ எல்லாவற்றையும் சொன்னாய். பதிவேட்டில் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று ரஃபத் சொன்னார். “தண்ணி விவகாரம் இந்த வழக்குக்குத் தேவையில்லை” என்று நீதிபதி அதை எழுதவே விடவில்லை. அடித்ததற்கு மட்டும் தீர்ப்பு. மெத்வல்லிக்கு ஏழு வருடம், வேறு இருவருக்கு மூன்று. மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். பிள்ளைகள் என்னோடு வருவதில்லை, பேசுவதும் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் பயூமிதான் மருந்துக்காரன். நான் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள்.

நேற்று மூன்றாம் முறை. விடிந்தபோது மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பயூமி மண்ணுக்குள் இருக்கிறார். மெத்வல்லி சிறையில் இருக்கிறார். ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. இந்த முறை யாரும் விஷம் என்ற சொல்லை எடுக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊர்த்தலைவர் என் பக்கத்தில் வந்து, “உன் தம்பி என்னமோ எழுதியிருந்தாரே, அது என்ன?” என்று கேட்டார். அந்தக் கடிதம் வழக்குக் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறது என்றேன்.

நஜாத் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “காகிதம் வேண்டாம். அவரே வரட்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல நின்னு சொல்லட்டும். என் புருஷன் பேரை முழுசாச் சொல்லி, அவர் பண்ணலன்னு சொல்லட்டும். தனக்கு எந்த மாசம் தெரியும்னும் சொல்லட்டும்.”

வரும் வெள்ளிக்கிழமை வா. கல் விழலாம், விழாமலும் இருக்கலாம். நான் உன் பக்கத்தில் நிற்க மாட்டேன். நஜாத்தின் பக்கத்தில் நிற்பேன். சொல்லி முடித்ததும் வீட்டுக்கு வா. மீன் கிடையாது. பருப்பு வைத்திருப்பேன்.

அக்கா